ரெண்டு பேரும் ஒரே ஆள் இல்லை



வழக்கமா நான் இங்கே பூஜை நேரம், அன்னதானம், கோயில் கழுவ ஆள் தேவை, இதைத்தான் எழுதுவேன். இன்னைக்குக் கொஞ்சம் வீட்டு விஷயம். கடைசியில உங்ககிட்ட ஒரு உதவியும் கேட்கப் போறேன். பொறுமையா படிங்க.

என் பேரன்கள் ரெண்டு பேரையும் உங்கள்ல பல பேருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தீபாராதனை முடிஞ்சதும் சுண்டல் சட்டிக்கிட்ட முதல் ஆளா வந்து நிற்கிற இரட்டையர்கள்தான். வயசு நாலு. பதினோரு நிமிஷ வித்தியாசம், முகம் ஒரே அச்சு. பேரையும் படத்தையும் பொதுவில் போடக்கூடாதுன்னு மருமகள் கண்டிப்பா சொல்லிடுச்சு. அதனால பெரியவன், சின்னவன்னே எழுதுறேன்.

பெரியவனுக்கு வாய் ஓயாது. சின்னவன் பேசுறது ரொம்பக் குறைவு. தாகம் எடுத்தா அண்ணன் முகத்தைப் பார்ப்பான். அண்ணன் வந்து, "பாட்டி, தம்பிக்குத் தண்ணி" என்பான். அவங்க ரெண்டு பேருக்குள்ள மட்டும் ஒரு பாஷை இருக்கு. அதுல சின்னவன் நல்லாவே கதை பேசுவான். நாம கிட்டப் போனா நிறுத்திடுவான்.

கிளினிக்கில் காது பரிசோதனை செஞ்சாங்க. காதுல குறை இல்லை. அங்கே விளக்கிச் சொன்னது இதுதான்: இரட்டைப் பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமா வர்றது மத்த பிள்ளைகளைவிட அதிகம். நிறைய பேர் மாசம் நிறையறதுக்கு முன்னாடியே பிறந்துடுறாங்க, அது ஒரு காரணம். இன்னொன்னு, ஒரு பிள்ளை முகத்தைப் பார்த்து அம்மா பேசுற நேரம் இங்கே ரெண்டாப் பிரிஞ்சிடுது. அதனால ஒவ்வொருத்தன்கிட்டயும் தனியா பேசுங்க, கேள்வி கேட்டா பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க, அண்ணன் முந்திக்கிட்டா தடுங்கன்னு சொன்னாங்க. பேச்சுப் பயிற்சிக்கும் எழுதிக் கொடுத்திருக்காங்க.

சொல்றது சுலபம். மகன் சிங்கப்பூரில் வேலை. நம்ம பண்டார் தெங்காராவில் இருந்து தினமும் பாலம் தாண்டிப் போய்வர முடியாது. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல வருவான். 2014-லிருந்து ஜொகூர்ல வெள்ளி, சனிதான் வார விடுமுறைன்னு உங்களுக்கே தெரியும். அப்பன் வீட்டுல இருக்கிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைங்க தாஸ்காவுக்குப் போயிடும். 2025 ஜனவரி 1-லிருந்து சனி, ஞாயிறுன்னு மாறின பிறகுதான் அப்பனும் பிள்ளைங்களும் ஒரு நாள் முழுசா சேர்ந்து இருக்காங்க.

அந்த ஞாயிற்றுக்கிழமையை வச்சுத்தான் ஒரு திட்டம் போட்டோம். ஒருத்தன் அப்பாவோட, ஒருத்தன் என்னோட. அடுத்த வாரம் மாத்திக்கிறது. என் வீட்டுக்காரம்மா ஒத்துக்கவே இல்லை. "வயித்துல இருந்தே சேர்ந்து இருந்த பிள்ளைங்க. பிரிக்கிறது பாவம் இல்லையா?" முதல் வாரம் கார் கிளம்பும்போது ரெண்டும் போட்ட அழுகை பக்கத்து வீடு வரைக்கும் கேட்டுச்சு. எனக்கும் மனசு சரியில்லை. ஆனாலும் போனோம்.

பெரியவனைக் கோத்தா திங்கி அருவிக்குக் கூட்டிப் போனேன். தம்பி இருந்தா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு முதல்ல ஓடுறவன், தனியா வந்ததும் தண்ணி சத்தத்துக்கே பயந்து என் காலைக் கட்டிக்கிட்டான். அவன் தைரியத்துல பாதி தம்பிகிட்ட இருந்து வந்ததுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. கரையோரமா உட்கார்ந்து கால் நனைச்சோம். ஒரு மணி நேரம் கழிச்சு முட்டி வரைக்கும் இறங்கினான்.

அடுத்த வாரம் சின்னவனோட ஜொகூர் பாரு, ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில். 1922-ல் சின்ன கோயிலா தொடங்கினது, 2009-ல் கண்ணாடிக் கோயிலா ஆச்சு. சுவர், தூண், மேற்கூரைன்னு எங்கே பார்த்தாலும் கண்ணாடி. சுமார் 3 லட்சம் துண்டுன்னு சொல்றாங்க. உள்ளே போனதும் சின்னவன் ஒரு தூணைக் காட்டி அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஒரே முகம் உள்ள பிள்ளைங்க கண்ணாடியில தன்னைப் பார்த்துட்டுக் கூடப்பிறந்தவன்னு நினைக்கிறது உண்டு. நான் பக்கத்துல குந்திக்கிட்டு, "அண்ணன் வீட்டுல இருக்கான். இது யாரு?" என்றேன். கையைத் தூக்கினான். கண்ணாடியில இருந்தவனும் தூக்கினான். ரொம்ப நேரம் கழிச்சு மெதுவா தன் பேரைச் சொன்னான். அம்மன் சந்நிதியில அர்ச்சனைக்குப் பேர் கேட்டப்போ நான் வாயைத் திறக்கலை. குருக்கள் காத்திருந்தார். அவனே இன்னொரு தடவை சொன்னான்.

அதுக்காக எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல வரலை. இன்னும் பேச்சு குறைவுதான். பயிற்சி தொடருது. வாரத்துக்கு ரெண்டு மூணு புது வார்த்தை வருது, அவ்வளவுதான்.

நான் வேலை செய்யுற இடத்துல பிளாஸ்டிக் பாகம் வார்க்கிறோம். ஒரே மோல்டுல ஒரே அழுத்தத்துல ரெண்டு பீஸ் விழும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா ஒவ்வொன்னுலயும் 1, 2ன்னு சின்னதா நம்பர் இருக்கும். ஒன்னை மட்டும் அளந்துட்டு மத்ததும் சரின்னு எழுதினா ஆடிட்டுல மாட்டிக்குவோம். பொருளுக்கே அப்படின்னா பிள்ளைங்களுக்கு? பேரன்கள் மைகிட்ல பிறந்த தேதியும் மாநில எண்ணும் ஒன்னுதான், கடைசி நாலு நம்பர் வேற. ஒரே முகம் இருந்தாலும் கைரேகை வேற.

நம்ம ராமாயணத்துலயே இருக்கே. சுமித்திரைக்கு ஒன்னா பிறந்தவங்க லட்சுமணரும் சத்ருக்னரும். லட்சுமணர் ராமர் பின்னாடி காட்டுக்குப் போனார். சத்ருக்னர் பரதர் கூட இருந்தார். தனித்தனியா நடந்தாங்க, பாசம் குறைஞ்சிடலை. இதைச் சொன்ன பிறகுதான் வீட்டுக்காரம்மா கொஞ்சம் இறங்கி வந்தாங்க. இப்போ வெளியே போற பேரனுக்கு அவங்களே சோறு கட்டித் தர்றாங்க.

இனி நான் கேட்கிற உதவி. கோயிலுக்கு வரும்போது "ரெட்டைங்க வந்தாச்சு"ன்னு கூப்பிடாதீங்க. பேரை என்கிட்ட கேட்டுக்கோங்க. பெரியவன் கையில சிவப்புக் கயிறு, சின்னவன் கையில மஞ்சள் கயிறு. சின்னவன்கிட்ட ஏதாவது கேட்டா, பத்து எண்ணுற வரைக்கும் காத்திருங்க. "அண்ணன் இப்படிப் பேசுறான், நீ ஏன் பேசலை?"ன்னு மட்டும் கேட்காதீங்க. சுண்டல் கொடுத்தா ஆளுக்கொரு கிண்ணம், அவனவன் கையில.

அடுத்த வருஷம் பாலர் பள்ளியில ஒரே வகுப்பா, தனித்தனி வகுப்பான்னு இன்னும் முடிவு பண்ணலை. இரட்டைப் பிள்ளைகளை வளர்த்தவங்க இருந்தா உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. மகனும் மருமகளும் படிப்பாங்க.

வர்ற வெள்ளி வழக்கம்போல பூஜை உண்டு. பாத்திரம் கழுவ ரெண்டு பேர் வந்தா நல்லா இருக்கும்.

அம்மன் துணை.