கொழுந்து மலைக்குப் போகும் சகோதரிகளுக்கு

டிசம்பர் போயாவோடு சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்கினால் மே மாத வெசாக் வரை ஹட்டன், மஸ்கெலியா பாதைகளில் வேன்களுக்குக் குறைவிராது. 2025 மார்ச்சில் மட்டக்களப்பு மாதர் சங்கமொன்றின் சகோதரிகளோடு நானும் போயிருந்தேன். தலவாக்கலை தாண்டி, சென்கிளயர் நீர்வீழ்ச்சியைப் பார்க்க இறங்கினோம். பாதையோரம் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். எம்மவர்கள் கெமராவோடு நிரைக்குள் புகுந்துவிட்டார்கள். ஒருவர் கூடையை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். "இந்தப் பக்கம் திரும்புங்க, கொஞ்சம் சிரிங்க" என்றார் இன்னொருவர்.

அந்த அக்காவும் சிரித்தார். பிறகு மெதுவாக, "நிறுவைக்கு நேரமாச்சுங்க. கிலோ கொறஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க" என்றார்.

ஒரு நாள் சம்பளத்தைத் தோட்டத்தில் 'பேர்' என்பார்கள். தோட்டம் குறித்த கிலோவை எடுக்காவிட்டால் பாதிச் சம்பளம்தான். இதை வேனிலேயே சொல்லாமல் விட்டது என் தவறு. படம் எடுக்க விரும்பினால் முதலில் கேளுங்கள். நிறுவை முடிந்த நேரமாயின் இன்னும் நல்லது. லயத்து இஸ்தோப்பு அவர்களுடைய வரவேற்பறை, அழைக்காமல் ஏறவேண்டாம். ஓடும் வேனிலிருந்து பிள்ளைகளுக்கு டொபி வீசுவதையும் நிறுத்துங்கள். வளைவுப் பாதைக்கே அவர்கள் ஓடிவருகிறார்கள்.

இன்னொன்று, எழுதக் கூச்சமாயிருந்தாலும் எழுதத்தான் வேண்டும். மலசலகூடத் தேவையை நகரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். தேயிலைச் செடிக்குள் நாம் ஒதுங்கும் இடத்தில்தான் மறுநாள் ஒரு பெண் நின்று கொழுந்து பறிக்கிறாள்.

ஹோட்டன் சமவெளி வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுகிறார்கள். லயத்து ஓடைக்கு வாசலுமில்லை, காவலாளியுமில்லை. அந்த ஓடையிலிருந்துதான் பீலிக்குத் தண்ணீர் வருகிறது. மஸ்கெலியா ஓயாவில் சேரும் நீர் களனி கங்கையாகி, அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பு வீடுகளுக்கும் போகிறது. மலையில் சவர்க்காரம் போட்டுக் குளிக்கும் கொழும்பார் இதை யோசிப்பதில்லை!

மழைக்காலமாயின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே புறப்படுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் நுவரெலியா மாவட்டத்தில் பல உயிர்களைக் கொண்டுபோனது.

நாங்கள் வேனில் ஏறும்போது அந்த அக்கா, "படத்துல ஒன்னு எனக்கும் அனுப்புவீங்களா?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. தோட்டத்தின் பெயரையும் லய இலக்கத்தையும் எழுதி வாங்கிக்கொண்டோம். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் பிரதிகளை அனுப்பிவைத்தோம்.