ஸ்டார்ட் ஆகாத கார்: மலாக்கா பட்டறைகளில் பழுது காணும் முறை

சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றவே இல்லையா, சுற்றியும் பிடிக்கவில்லையா? ஸ்டார்ட் ஆகாத காரில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துச் சாலையோரப் பட்டறைகளில் கைதேர்ந்த போமன் (மெக்கானிக்), பானெட்டைத் திறப்பதற்கு முன்பே "ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் காதைக் கொடுப்பது அதற்காகவே.

'டக் டக்' என்று தொடர்ந்து சத்தம் வந்து, ஹெட்லைட்டும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் போதவில்லை, அல்லது மின்சாரம் வழியில் தடைபடுகிறது. லைட் மங்காமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் சந்தேகம் ஸ்டார்டர் மோட்டார் பக்கம் திரும்பும். சத்தமே இல்லாத ஆட்டோ கியர் வண்டியில், கியர் 'பி'யிலோ 'என்'னிலோ சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது.

நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் ஏறக்குறைய கால் பங்குதான் மிச்சம். மலாக்காவில் ஆண்டு முழுவதும் அடிக்கும் வெக்கை பேட்டரியின் ஆயுளைக் குறைத்துவிடுவதால், இரண்டு மூன்று ஆண்டுகளில் அதை மாற்ற நேர்வது சாதாரணம். ஆனால் அளந்து பார்க்காமல் புதுப் பேட்டரியை விற்பது தொழில் தர்மம் ஆகாது. பல வண்டிகளில் குற்றம் டெர்மினலில் இருக்கும். ஈயத் தண்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகத் தூள் பூத்து, கிளாம்ப் கையால் அசைத்தாலே ஆடும். மீட்டரின் ஒரு முனையைத் தண்டிலும் மறுமுனையைக் கிளாம்பிலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னால், அந்த விரலகல இடைவெளியிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போவது தெரியும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, நட்டை முடுக்கினால் போதும். பஸ் வசதி குறைந்த தோட்டத்திலிருந்து ஷிப்ட் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு பேட்டரியின் விலை மிச்சமாவது சின்ன விஷயமல்ல.

இன்ஜின் சுற்றியும் பிடிக்காவிட்டால் பெட்ரோலையும் தீப்பொறியையும் தேட வேண்டும். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகா, மிட்சுபிஷி இன்ஜினும் கார்புரேட்டரும் கொண்டது. பிற்பாடு வந்த இன்ஜெக்ஷன் வண்டிகளில் சாவியை 'ஆன்' நிலைக்குக் கொண்டுவந்ததும் டேங்க் பக்கம் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது கேட்கவில்லை என்றால் பியூஸ், ரிலே, பெட்ரோல் பம்ப் என வரிசையாகப் பார்க்க வேண்டும். அடைமழைக்குப் பின் பழைய வண்டி மக்கர் செய்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ஈரம் துடைப்பார்கள். இம்மொபிலைசர் விளக்கு விடாமல் மினுக்கினால், வண்டி சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள்.

செம்பனைத் தோட்டத்து வண்டிகளுக்கு எலித்தொல்லையும் உண்டு. எலியை ஒழிக்கக் கூகைகளுக்குக் கூடு கட்டி வைக்கும் தோட்டங்களிலும், இரவில் நிறுத்திய வண்டிக்குள் எலி புகுந்து வயரைக் கடித்துவிடும். ஆகவே வயர்க்கட்டை விரலால் தடவிப் பார்ப்பது இங்கே அவசியம்.

இன்ஜின் வழக்கத்தைவிட லேசாக, விர்ரென்று சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்போது திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது. சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

வண்டி கிளம்பிய பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்காமல் வண்டியை அனுப்பக் கூடாது.