பாடுகிறவரின் கால்

கிதார் வாசித்துக்கொண்டே பாடுகிறவருக்கு வாயும் இரண்டு கைகளும் வேலையில் இருக்கும். மைக்கை விட்டு உதடு விலகக்கூடாது என்பதால் குனிந்து தரையைப் பார்க்கவும் வழியில்லை. ஒரு கால் உடம்பைத் தாங்க வேண்டும். மிச்சம் இன்னொரு கால்தான். குரலுக்கும் கிதாருக்கும் சேர்த்து எஃபெக்ட்ஸ் தரும் பெடலில், எந்தச் சுவிட்சுக்கு என்ன வேலை என்று நாமே மாற்றிக்கொள்ளும் வசதியை நான் பெரிதாக மதிப்பது அந்தக் காலுக்காக.

கடையிலிருந்து வரும்போது இருக்கும் அமைப்பு, கருவியில் என்னென்ன உண்டு என்று காட்டுவதற்கானது. பாட்டின் தேவை வேறு. டிசி-ஹெலிகானின் வாய்ஸ்லைவ் 3 போன்ற பெடல், கிதாரில் விழும் கார்டைக் கேட்டு அதற்குப் பொருந்தும் சுரத்தில் இன்னொரு குரலைச் சேர்க்கிறது. அருமையான ஏற்பாடு, ஆனால் பாட்டு முழுக்க ஒலித்தால் சலித்துவிடும். பல்லவியின் கடைசி வரியில், சில பாட்டில் ஒரே ஒரு சொல்லில் வந்து போனால்தான் உடம்பு சிலிர்க்கும். ஆகவே, வசதி இருக்கும் பெடலில் இந்த ஹார்மனியை மிதித்திருக்கும்வரை மட்டும் ஒலிக்கும்படி வைக்கிறேன். காலை எடுத்ததும் குரல் மறுபடி தனியாகிவிடும்.

வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பர் இன்னும் கறாரானது. 120 டெம்போவில் ஓர் அடிக்கு 500 மில்லிசெகண்ட். அதில் ஐம்பது பிசகினாலும் லூப் திரும்பும் ஒவ்வொரு முறையும் தாளம் நொண்டும். இங்கேதான் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரே சுவிட்சுக்கு இரண்டு வேலை கொடுக்கலாம்: தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் இன்னொன்று. மிதித்த கணத்தில் இது எந்த வகை என்று பெடலுக்குத் தெரியாது. கால் எழும்வரை அது காத்திருக்க வேண்டும். அதனால் இப்படி அமைத்த பல கருவிகளில் தட்டலுக்குரிய வேலை, கால் இறங்கும்போது நடக்காமல் எழும்போதுதான் நடக்கிறது. தாளத்தின் முதல் அடியில் சரியாக மிதித்தாலும் பதிவு தாமதித்தே தொடங்கும். லூப்பர் சுவிட்சுக்கு இரண்டாவது வேலையே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ட்யூனர், ம்யூட், அடுத்த பாட்டின் ப்ரீசெட் எல்லாம் பாட்டுகளுக்கு இடையில் வருபவை. இரட்டை வேலையை அங்கே கொடுக்கலாம், அரை விநாடியில் எதுவும் கெடாது.

சுவிட்சு போதாமல் வெளியிலிருந்து ஒன்று வாங்கிச் செருகுகிறவர்கள் வகையைப் பார்த்து வாங்க வேண்டும். பாஸ் (Boss) நிறுவனத்தின் எஃப்எஸ்-5யூ, காலை எடுத்ததும் விடுபடும் வகை. எஃப்எஸ்-5எல், மிதித்த நிலையிலேயே நிற்கும் வகை. உருவம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரும்பாலான மல்டி எஃபெக்ட்ஸ் பெடல்கள் முதல் வகையையே எதிர்பார்க்கின்றன; இரண்டாவதைச் செருகினால் ஒரு வேலைக்கு இரண்டு முறை மிதிக்க நேரும்.

இனி இடம். பார்க்காமல் தேடும் கால், வரிசையின் ஓரங்களைத்தான் எளிதில் கண்டுபிடிக்கும். ஆகவே ஓர் ஓரத்தில் லூப்பர், மறு ஓரத்தில் ஹார்மனி. வீட்டில் வெறுங்காலோடு பழகிவிட்டு மேடையில் ஷூவோடு நின்றால் காலின் கணிப்பும் மாறிவிடும். ஷூவின் அகலம் பக்கத்துச் சுவிட்சையும் சேர்த்து மிதித்துவிடும். எந்தக் காலணியோடு மேடையேறப் போகிறோமோ அதோடுதான் ஒத்திகை பார்க்க வேண்டும். அப்படியும் தவறலாம் என்பதால், லூப்பருக்கு அடுத்த சுவிட்சுக்கு நான் எந்த வேலையும் ஒதுக்குவதில்லை.