எங்கள் வீட்டு ‘லவ் பேர்ட்ஸ்’

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி)

தலைப்பைக் கண்டதும் நண்பர்கள் சிலருடைய முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு படர்வதை என்னால் இங்கிருந்தே பார்க்க முடிகிறது. அவர்கள் எதிர்பார்க்கும் செய்தி எதுவும் இக்கட்டுரையில் இல்லை. கூண்டு, தினை, ஒரு மண்பானை, இடையிலே கொஞ்சம் மரபியல், கொஞ்சம் பணக் கணக்கு, இவ்வளவுதான் இதிலுள்ள சரக்கு.

முதலில் பெயரைத் திருத்திவிடுகிறேன். நம்மூர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது உண்மையான லவ் பேர்டு அன்று. அந்தப் பெயருக்குரியது ஆப்பிரிக்காவில் வாழும், தடித்த உடலும் குட்டை வாலும் கொண்ட வேறொரு சிறு கிளி. நம் வீடுகளில் சலசலத்துக் கொண்டிருப்பது ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர். நீண்ட வால், முதுகிலே அலையலையாகக் கருங்கோடுகள், தொண்டையிலே மணி கோத்தாற்போலக் கரும்புள்ளிகள். மெலோப்சிட்டகஸ் அண்டுலேட்டஸ் என்பது விலங்கியலார் வைத்த பெயர். அலை வரிகளையுடைய பாடும் கிளி என்று பொருள் சொல்லலாம். எங்கள் தெருவில் இந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “பி.எஸ்ஸி. படிக்கிற பொண்ணு, அப்படித்தான் பேசும்” என்று மன்னித்துவிட்டார்கள்.

திருவரங்கத்துக்காரிக்குக் கிளி புதிதன்று. மணலில் மூடிக் கிடந்த அரங்கன் கோயில் இருந்த இடத்தைச் சோழ மன்னன் ஒருவனுக்கு ஒரு கிளி காட்டிக் கொடுத்ததாகத் தல வரலாறு சொல்லும். அம்மன்னனைக் கிளிச்சோழன் என்கிறார்கள். கோயிலுக்குள்ளே கிளி மண்டபம் இன்றும் இருக்கிறது. ஆண்டாள் கையிலும் கிளி. இப்படிக் கிளிகளுக்கு நடுவே வளர்ந்த நான் சிறு வயதில் பச்சைக்கிளி வேண்டுமென்று அழுதிருக்கிறேன். நல்ல வேளை, யாரும் வாங்கித் தரவில்லை. நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் அடைத்து வைப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சோதிடக்காரர் கூண்டிலிருந்தாலும் குற்றம் குற்றமே. பட்ஜரிகருக்கு இத்தடை இல்லை. அது நம் காட்டிலே பிடித்ததன்று. ஜான் கூல்டு என்ற பறவையியலார் 1840-இல் உயிருள்ள பட்ஜரிகர்களை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அன்று தொடங்கிக் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகிய இனம் இது. ஆகவே, புண்ணியம் என்று எண்ணி யாரும் இவற்றைத் திறந்துவிட வேண்டா. நம் காகத்துக்கும் வல்லூறுக்கும் அது அன்னதானமாக முடியும்.

எங்களுக்கு முதல் இணையைக் கொடுத்தவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுத் தாத்தா. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டின் கார்த்திகை மாதம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவள் நான்தான் முதல் என்பதால், பரிசாகக் கொடுத்தார். ஆண் பச்சை, பெண் நீலம். அலகுக்கு மேலே மெழுகு பூசினாற்போல் ஒரு மேடு இருக்கும். வளர்ந்த ஆணுக்கு அது நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. குஞ்சாக இருக்கையில் நெற்றிக் கோடுகள் அந்த மேடு வரைக்கும் இறங்கியிருக்கும். மூன்று நான்கு மாதங்களில் இறகு மாறும்போது நெற்றி வெளுத்துவிடும். கடையில் ‘குஞ்சு’ என்று கிழட்டுப் பறவையைக் கட்டிவிடாமல் இருக்க இந்த அடையாளம் போதும்.

“ஒரு வருசத்துக்குப் பானை வைக்காதே. புள்ளைங்க வளரட்டும்” என்பது தாத்தாவின் ஒரே நிபந்தனை.

தீனியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் என் தந்தை, மண்டியில் தினையும் கம்பும் வாங்கி வருவார். கொத்தமல்லித் தழை, முருங்கைக் கீரை ஆகியவை அம்மா ஆய்ந்தது போக மிச்சம். நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேட்டால் வெள்ளையாக ஒன்று தருவார்கள். நுரையன்று, கணவாய் மீனின் உள்ளோடு. அதைக் கூண்டிலே கட்டி வைத்தால் கொறித்துக் கொறித்துச் சுண்ணாம்புச் சத்தைத் தேடிக் கொள்ளும். உட்காரக் கொய்யாக் குச்சி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது மட்டும் கூண்டைப் புறவாசலுக்குத் தூக்கிச் சென்றுவிடுவோம். பறவையின் நுரையீரலுக்குப் புகை ஆகாது. அக்கினி நட்சத்திர வெயிலில் கூண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் ஈரச் சாக்கு. இனி, பானைக்கு வருகிறேன். கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஓராண்டு கழிந்து, சென்ற கார்த்திகையில், பக்கவாட்டில் துளையிட்ட மண்பானையைக் கூண்டுக்குள் கட்டினோம். பத்தே நாளில் பெண் உள்ளே புகுந்தது. ஒன்றுவிட்டு ஒரு நாளாக ஐந்து முட்டைகள். அடை காப்பது முழுவதும் தாயின் வேலை. ஆண் வாசலில் நின்று தான் தின்றதைக் கக்கித் தாய்க்கு ஊட்டும். தாய் அதைக் குஞ்சுக்கு ஊட்டும். முட்டை ஒன்றுக்குப் பதினெட்டு நாள் கணக்கு. ஒரே நாளில் எல்லாம் பொரிப்பதில்லை. ஆகையால் ஒரே பானைக்குள் இறகு முளைத்த மூத்ததும் கண் திறவாத கடைக்குட்டியும் சேர்ந்து கிடக்கும். ஐந்து வாரத்தில் அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மூன்று பச்சை, இரண்டு நீலம்.

அந்த வாரம்தான் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடி நடந்து கொண்டிருந்தது. நெட்டை, குட்டை என்று கரும்பலகையில் கட்டம் போட்டபோது நான் பட்டாணியைக் காணவில்லை. எங்கள் பானையைத்தான் கண்டேன். பட்ஜரிகரில் பச்சை ஓங்கு பண்பு, நீலம் ஒடுங்கு பண்பு. நீலத் தாய்க்கு நீலக் குஞ்சு பிறந்திருப்பதால், பச்சைத் தந்தைக்குள்ளே ஒரு நீலம் மறைந்திருந்தே ஆகவேண்டும். அன்று மாலை சாத்தார வீதிச் சந்தையிலிருந்து வாங்கி வந்த உதிரிப் பூவை அம்மா கட்டிக் கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவளிடம் இதை விளக்க முனைந்தேன். பாதி சொல்லும்போதே, “அப்பனுக்குள்ள நீலம் ஒளிஞ்சிருந்துச்சாக்கும். உங்க தாத்தன் மூக்கு உனக்கு வந்த மாதிரி” என்று முடித்துவிட்டாள். நான் தேர்வில் அரைப்பக்கம் எழுத வேண்டியதை அவள் ஒரு முடிச்சுப் போடும் நேரத்தில் சொல்லிவிட்டாள்!

இந்த நீலத்துக்கு நீலச் சாயம் கிடையாது என்பது இன்னும் வியப்பு. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால் தோன்றும் நிறம் அது. அதன்மேல் மஞ்சள் நிறமி சேர்ந்தால் பச்சை. மஞ்சளை உண்டாக்கும் நொதியில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறிப் போனதால் மஞ்சள் நின்றுவிட்டது என்று 2017-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

குஞ்சுகளைத் தாத்தா அறிமுகம் செய்த ஒரு கடைக்காரர் எடுத்துக் கொண்டார். ஒன்றுக்கு நூற்றிருபது ரூபாய். என் கையில் அறுநூறு. புதுமைப்பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாய் வாடகையில் கரைந்துவிடுகிற வீட்டில், இந்த அறுநூறு ரூபாய்க்கு இருந்த எடையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆய்வகக் குறிப்பேடும் ஒரு பழைய மரபியல் புத்தகமும் வாங்கினேன்.

முதற்குஞ்சுகள் பானையைவிட்டு இறங்கிய சில நாட்களிலேயே தாய் மீண்டும் முட்டையிட்டது. இம்முறை நான்கு குஞ்சுகள். இரண்டு பச்சை, இரண்டு நீலம். ஆக ஒன்பதில் ஐந்தும் நான்கும். மெண்டல் கேட்ட பாதிக்குப் பாதிக்கு இதைவிட நெருங்க முடியாது. பங்குனி பிறந்தது. அவற்றையும் கடைக்குக் கொண்டு போனேன்.

“பானையை எடுத்திடாதே பாப்பா. இப்பத்தான் நல்லா லைன்ல வந்திருக்கு. சித்திரைக்கு இன்னும் அஞ்சு தேறும்” என்றார் கடைக்காரர். அடுத்த பருவத் தேர்வுக் கட்டணம் கட்ட இருபது நாளே இருந்தது. இரண்டாம் ஈட்டுப் பணம் அதற்குப் போதவில்லை. ‘இன்னும் அஞ்சு’ என்ற சொல், சொல்லப்போனால், இனிக்கத்தான் செய்தது. முன்பணமாகவே கொடுக்கவும் அவர் ஆயத்தமாக இருந்தார்.

ஆனால் இப்பறவையின் ஊர் எப்படிப்பட்டது என்று நான் படித்திருந்தேன். நடு ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளி. மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கூட்டங் கூட்டமாக நாடோடியாய்த் திரியும். மழை பெய்து புல் விதை முற்றினால் உடனே மரப்பொந்து தேடி முட்டையிடும். விதை தீர்ந்ததும் நிறுத்திவிட்டுப் பறந்துவிடும். ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்களா, முக்கொம்பைத் தாண்டித் தண்ணீர் வருமா என்று நம் உழவர்கள் பார்த்திருப்பது போன்ற வாழ்வு அது. இப்படிப்பட்ட பறவைக்கு நாம் நாள் தவறாமல் தினை வைத்து, பொந்தைப்போல் ஒரு பானையையும் மாட்டி வைத்தால், அதன் உடம்புக்கு மழை ஓயாமல் பெய்து கொண்டே இருக்கிறது என்று பொருள். அது இட்டுக் கொண்டே இருக்கும். முப்பத்தைந்து கிராம் உடம்பு. முட்டை ஒன்று ஏறத்தாழ 2 கிராம். ஓர் ஈட்டில் தன் எடையில் கால் பங்குக்கு மேல் இறக்கி வைக்கிறது. தீனியில் சுண்ணாம்பு போதவில்லையென்றால் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். பிறகு ஒரு நாள் முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். தாத்தா வீட்டில் முன்பு அப்படி ஒன்று, இறகைச் சிலிர்த்துக் கொண்டு கூண்டின் அடியில் ஒடுங்கி உட்கார்ந்து, விடிவதற்குள் இறந்து போயிருக்கிறது.

எங்கள் நீலம் அதுவரை நன்றாகவே இருந்தது. வயிற்றுப் பக்கம் இறகு தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் மறுபடியும் பானைக்குள் தலையை விட்டுவிட்டு எடுத்துக் கொண்டிருந்தது. அன்றிரவு கடைக்காரர் சொன்னதையும் கட்டணத்தையும் அம்மாவிடம் சொன்னேன். அவள் கூண்டருகே போய்ச் சற்று நேரம் நின்றாள்.

“எனக்குக் கல்யாணம் ஆகும்போது பதினேழு. அஞ்சு பெத்தேன். ரெண்டு நிக்குது, நீயும் உன் தங்கச்சியும். ‘இடையில ரெண்டு வருசம் விடுங்க’ன்னு சொல்ல அப்ப யாரும் இல்ல” என்றாள். பிறகு, “பானையைக் கழட்டு கண்ணு. அது மூச்சு விடட்டும்” என்றாள்.

இத்தனை ஆண்டுகளில் அம்மா இதை என்னிடம் பேசியதில்லை. அன்றும் அதற்கு மேல் பேசவில்லை. நான் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கட்டுக் கம்பியை முறுக்கவிழ்த்தேன். அவள் கீழே நின்று பானையை வாங்கிக் கொண்டாள். பூக்காரிகள் சேர்ந்து போடும் சீட்டை அந்த மாதம் தள்ளி எடுத்து, கடைசி நாளுக்கு முந்தின நாள் என் கட்டணம் கட்டப்பட்டது. அதில் அவளுக்கு எவ்வளவு நட்டம் என்பதை இன்னும் சொல்லவில்லை.

பானையை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்ததென்று எண்ண வேண்டா. முதல் நான்கு நாள் நீலம் பானை இருந்த மூலையிலேயே தொங்கிக் கம்பியைக் கடித்தது. எங்களைத் திட்டியது என்றே சொல்லலாம். குச்சிகளை இடம் மாற்றிக் கட்டினோம். மாலை ஆறு மணிக்கே கூண்டின்மேல் துணி போர்த்தி, வெளிச்ச நேரத்தைக் குறைத்தோம். ஊற வைத்த தானியத்தை நிறுத்தி உலர்ந்த தினை மட்டும் வைத்தோம். ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. அடுத்த மாதம் இறகு உதிர்த்தது. கூண்டின் அடித் தட்டெல்லாம் நீலத் துரும்புகள். புதிய இறகோடு இப்போது பார்த்தால், தாத்தா கொடுத்த அன்றைக்கு இருந்ததைவிடப் பளபளப்பு. ஆணுக்குத்தான் ஊட்டுவதற்கு ஆளில்லாத குறை. கூண்டில் தொங்கும் பித்தளை மணிக்கு ஊட்டிக் கொண்டிருக்கிறது.

2025-இல் கம்பரசம்பேட்டையில் பறவைகள் பூங்கா திறந்த பிறகு, எங்கள் சந்துப் பிள்ளைகள் எங்கள் வீட்டையும் அதன் கிளை என்று கருதிவிட்டார்கள் போலும். ஞாயிற்றுக்கிழமைகளில் நுழைவுக் கட்டணமின்றி வந்து நின்று, “அக்கா, குஞ்சு எப்போ?” என்று கேட்கிறார்கள். ஐப்பசி மழை பிடிக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேப்பிலை போட்டுக் கொதித்த நீரில் கழுவி வெயிலில் காய்ந்த பானை பரண்மேல் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். என் தங்கை அதற்குள் மூன்று பேனா மூடிகளும், ரப்பர் பாண்டுகளும், நான் இரண்டு மாதமாகத் தேடிக் கொண்டிருந்த ஆய்வகக் கத்தரிக்கோலும் வைத்திருக்கிறாள்.