ஆசிரியர் விட்டுச்சென்ற ஏழு வட்டுகள்

நூலொன்றைக் கையிலெடுத்துப் படிப்போர் அதன்கண் உள்ள பொருளை நோக்குவரேயன்றி, அப்பொருளைத் தாங்கி நிற்கும் எழுத்தின் வடிவை நோக்குவாரல்லர். விளக்கொளியிற் படிப்பவன் விளக்கை நினையாதிருத்தல் போல்வது இது. விளக்கு அவிந்த பின்னரே அதன் அருமை புலனாகும். எழுத்தின் அருமையும் எமக்கு அவ்வாறே புலனாயிற்று. அவ்வரலாற்றை இச்சஞ்சிகையைப் படிக்கும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவராகிய அன்பர்க்கும் உரைத்தல் பயனுடைத்தாம் எனக் கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

இக்கலாசாலையில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றிருந்த எம் ஆசிரியர் சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்தனர். அடக்க ஆராதனை முடிந்து சில கிழமைகள் சென்றபின், அவர் துணைவியார் எம்மை அழைத்துப் பழைய தகரப் பெட்டி ஒன்றை எம் கையில் தந்தனர். அதனுள் ஏழு நெகிழ்வட்டுகளும், அச்செடுத்த நான்கு தாள்களும் இருந்தன. “தம்பி, அவர் எழுதினதெல்லாம் இதற்குள்ளேதான் இருக்கிறது. வருஷ நினைவு நாளுக்குள்ளே ஒரு புத்தகமாக்கித் தந்தால் எனக்குப் போதும்” என்றனர். ஆகட்டும் என்று வாக்களித்து வந்தோம். அவ்வாக்கு எத்துணைப் பெரியது என்பதை அப்பொழுது அறிந்தோமில்லை.

அவ்வட்டுகளைப் படிக்கும் கருவி இக்காலக் கணினிகளில் இல்லை. கணினித்துறை மாணவர் இருவர் எங்கோ தேடி ஒன்றைக் கொணர்ந்தனர். வட்டுகள் பழுதின்றித் திறந்தன. ஆயின் திரையில் தமிழெழுத்து ஒன்றேனும் இல்லை. ஐரோப்பிய எழுத்துக்களும், அவற்றின் தலைமேற் புள்ளியும் கோடும் இட்ட குறிகளும், நாணயக் குறிகளுமாக வரிவரியாகக் குவிந்து கிடந்தன. முப்பதாண்டு உழைப்பு இப்படிச் சிதைந்ததோ என்று எம் நெஞ்சம் நடுங்கிற்று.

உண்மையில் ஏதும் சிதைந்திலது. கணினி எழுத்தை எழுத்தாக வைத்திருப்பதில்லை, எண்ணாகவே வைத்திருக்கின்றது. இன்ன எண்ணுக்கு இன்ன வடிவம் என்று காட்டுவதே எழுத்துரு எனப்படும் கோப்பின் தொழில். 1990-களில் தமிழெழுத்துரு செய்தோர் பலரும், உரோம எழுத்துக்கென அமைந்த 256 இடங்களில் தத்தமக்கு வேண்டியவாறு தமிழ் வடிவங்களை வைத்தனர். ஒருவர் எழுத்துருவில் ககரம் இருந்த இடத்தில் மற்றொருவர் மகரத்தை வைத்திருப்பர். அவ்வெழுத்துரு உள்ளவரை எல்லாம் தமிழாகத் தோன்றும். அது தொலைந்தால் எண்கள் மட்டுமே எஞ்சும். எம் ஆசிரியர் வழங்கிய எழுத்துரு தொலைந்துவிட்டது. அதன் பெயரையும் அறிந்தார் இலர்.

இவ்விடத்து எழுத்துருவின் வரலாற்றைச் சிறிது கூறுதல் பொருந்தும். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியபோதும், 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரின் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தபோதும், எழுத்து என்பது உலோகத்தாலாகிய பொருள். கையில் எடுத்து நிறுக்கத்தக்கது. கணினியில் அது கணிதமாயிற்று. 1977-இல் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு நூத் என்பார் தம் நூலின் இரண்டாம் பதிப்புக்குரிய அச்சுப்படியைக் கண்டு, எழுத்தின் அழகின்மைக்கு வருந்தி, பக்கங்களை அமைக்கும் டெக் என்னும் மென்பொருளையும், எழுத்தை வரையும் மெட்டாஃபாண்ட் என்னும் மென்பொருளையும் தாமே ஆக்கத் தொடங்கினர். தம் நூல் அழகுற வெளிவருதல் வேண்டும் என்னும் ஒருவர் விருப்பத்தினின்று, உலகெங்குமுள்ள கணித நூலார் இன்றும் வழங்கும் கருவி பிறந்தது. பின்னர் 1984-இல் அடோபி நிறுவனத்தாரின் போஸ்ட்ஸ்கிரிப்டும், 1991-இல் ஆப்பிள் நிறுவனத்தாரின் ட்ரூடைப்பும் வந்தன. இவற்றில் எழுத்தின் புறக்கோடு வளைவுகளாக எழுதப்பெறும். பிரெஞ்சு நாட்டு மோட்டார் வண்டிகளின் மேற்கூட்டை வரைதற்கெனப் பெசியே என்பார் பரப்பிய வளைவு முறையே எழுத்துக்கும் உதவிற்று.

ஆயினும் வளைவு மட்டும் போதாது. திரையோ சிறுசிறு புள்ளிகளால் ஆயது. சிறிய அளவில் எழுத்தைக் காட்டுங்கால் ஒரு கால் தடித்தும் மற்றொரு கால் மெலிந்தும் தோன்றும். அதனைத் திருத்துதற்கு ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் சிறு கட்டளைகளை வைத்தனர். ட்ரூடைப்பின் அக்கட்டளைகளை இயக்கும் முறை காப்புரிமைக்கு உட்பட்டிருந்தமையால், எவர்க்கும் இலவசமாகப் பயன்படும் ஃப்ரீடைப் என்னும் மென்பொருள் அதனை இயல்பாக வழங்க இயலாதிருந்தது. 2010-இல் அவ்வுரிமைகள் காலாவதியான பின்னரே தடை நீங்கிற்று. எழுத்தைத் தெளிவாகக் காட்டும் வழிக்கும் ஒருவர் உடைமையாளர் இருந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு நிலையான இடம் கிடைத்தது. அதன்படி ககரத்தின் எண் 2965. ரகரத்தின் எண் 2992. றகரத்தின் எண் 2993. எழுத்துரு மாறினும் எண் மாறாது. ஆதலின் எம் ஆசிரியர் கோப்புகளின் பழைய எண்களை ஒருங்குறி எண்களாக மாற்றுவதே எமக்குற்ற வேலையாயிற்று. அதற்குத் திறவுகோலாய் அமைந்தவை அந்நான்கு தாள்கள். தாளிற் கண்ட எழுத்தையும் திரையிற் கண்ட குறியையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அட்டவணை வகுத்தோம். ஒரு தொல்லை என்னெனின், பழைய முறையில் ‘கெ’ என்பதன் கொம்பு, கண்ணுக்குத் தோன்றுமாறே ககரத்திற்கு முன் வைக்கப்பட்டிருந்தது; ஒருங்குறியிலோ ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக நிற்கும்; திரையில் இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் கடமை. ஆகவே கொம்புகளையெல்லாம் இடம்பெயர்க்க வேண்டியிருந்தது. மூன்று கிழமை சென்றபின், ஒரு மாலையில், திரையில் முதன்முதல் தெளிந்த சொல் ‘கிணற்றடி’ என்பது. மாணவர் இருவரும் கைகொட்டினர். எமக்குக் கண் கலங்கிற்று.

கிணற்றடி என்பது ஒரு கட்டுரையின் தலைப்பு. அதனைப் படித்தபோதுதான் இரண்டாவது இடர் வந்தது. அக்கட்டுரை மூன்று வட்டுகளில் மூன்று பெயரோடு இருந்தது: ‘கிணறு’, ‘கிணறு புதிது’, ‘கிணறு முடிவு’. அவற்றுள் ‘கிணறு புதிது’ என்பதில் மட்டும் ஒரு பத்தி மிகையாக இருந்தது. அப்பத்தி கூறுவது இது: தாம் ஆசிரியராய் அமர்ந்த தொடக்கத்தில், தென்பாண்டிச் சிற்றூர் மாணவன் ஒருவன் கட்டுரையில் ‘துரவு’ என்று எழுதினான், அதனைப் பிழையெனக் கொண்டு ‘துறவு’ எனத் திருத்தி, ‘துறவில் நீர் இறைக்கலாமோ?’ என வகுப்பறையில் நகைத்தேன்; வகுப்பும் நகைத்தது; பின்னர்ப் பேரகராதியைப் புரட்டியபோது, துரவு என்பது பெருங்கிணற்றுக்குப் பெயர் எனக் கண்டேன்; அம்மாணவனிடம் அதனைச் சொல்லாமலே நாட்கள் கழிந்தன.

அம்மாணவன் யாமே. 1976-இல் நிகழ்ந்த அதனை யாம் மறந்திலேம். எம் பாட்டனார் வெட்டிய துரவின் நீரைக் குடித்து வளர்ந்த எமக்கு, அன்றைய நகைப்பு நெடுநாள் நெஞ்சில் தைத்திருந்தது. அவர் அதனை நினைந்து வருந்தினார் என்பதை அவர் மறைந்தபின் அறிந்தோம்.

இனி, அப்பத்தி முதலில் எழுதிப் பின்னர் நீக்கப்பட்டதோ, முதலில் இல்லாமற் பின்னர்ச் சேர்க்கப்பட்டதோ? ஆசிரியரின் முடிந்த கருத்து யாது? கோப்பு எழுதிய நாளைப் பார்ப்போமெனின், மூன்றும் 1980-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் எனக் காட்டின. கணினியின் கடிகாரத்துக்குரிய மின்கலம் தீர்ந்திருப்பின், அக்காலக் கணினி அந்நாளையே தொடக்கமாகக் கொள்ளும். பெயரை நம்புவோமெனின், ‘புதிது’ என்றும் ‘முடிவு’ என்றும் இடுவோர் பின்னரும் திருத்துவதை யார் அறியார்?

கோப்புகளின் மாற்றத்தைத் தடம் பற்றும் மென்பொருள்கள் அன்றும் இருந்தன. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்டு என்பார் ஒன்றை ஆக்கினர். 1982-இல் வால்ட்டர் டிக்கி என்பார் மற்றொன்றைச் செய்தனர். 2005-இல் லினக்ஸ் புகழ் லைனஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கிட் என்பதே இன்று பெருவழக்காயுள்ளது. அதன் முறை இது: ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தினின்றும் ஒரு நீண்ட எண்ணைக் கணித்து, அதனையே கோப்பிற்குப் பெயராக வைப்பர். ஒவ்வொரு நிலையும் தனக்கு முந்திய நிலையின் பெயரைத் தன்னுள் அடக்கியிருக்கும். ஆதலின் பழையதில் ஓரெழுத்தை மாற்றினும் பின்வந்த பெயர்கள் அனைத்தும் மாறிப்போம். பிறர் கையிலுள்ள படியோடு ஒப்பிட்டால் களவு வெளிப்படும். கிட் தொடக்கத்திற் கொண்ட கணக்குமுறையில், வேறுபட்ட இரு கோப்புகளுக்கு ஒரே பெயர் வருமாறு செய்யக்கூடும் என 2017-இல் காட்டினர். ஆகையால் யாம் அதனினும் வலிய முறையை மேற்கொண்டு, 64 குறிகள் கொண்ட எண்ணை மூன்று கோப்புக்கும் கணித்தோம். ‘கிணறு’, ‘கிணறு முடிவு’ இரண்டுக்கும் எண் ஒன்றே; மற்றையதற்கு முற்றும் வேறு.

இதனால் அறிந்தது, பெயர் வேறாயினும் இரண்டும் ஒன்று என்பது மட்டுமே. முந்தியது எது, பிந்தியது எது என்பதை அவ்வெண் உரையாது. அது எழுதுங்காலத்தே பதிந்து வைத்தாலன்றி அறியவொண்ணாதது. அப்பத்தியைச் சேர்க்க எம் உள்ளம் விரும்பிற்று. அவ்விருப்பமே எம்மை அஞ்சச் செய்தது. தனக்கு நலமாயதைத் தானே பதிப்பிப்பவன் நடுவனாவது யாங்ஙனம்?

அம்மையாரிடம் சென்று அனைத்தையும் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “தம்பி, சேர்த்தாரோ எடுத்தாரோ எனக்குத் தெரியாது. எழுதினது அவர் கைதான்; இல்லாமல் விட்டதும் அவர் கைதான். நீ ஒன்றையும் மறைக்காதே, இரண்டையும் போடு” என்றனர். அவ்வாறே இரு கோப்பிற் கண்ட வடிவை நூலிலும், மிகையான பத்தியைப் பின்னிணைப்பிலும் வைத்து, அதிற் கூறப்பட்ட மாணவன் பதிப்பித்தவனே என்பதையும் குறித்தோம். மூலக் கோப்புகளையும், எண் அட்டவணையையும், யாம் செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் அதன் காரணத்தோடு கிட்டில் பதிந்து நூல்நிலையத்தில் ஒப்புவித்துள்ளோம். எம் அட்டவணையில் 2992 என்பது 2993 எனப் பிறழ்ந்திருப்பின் துரவு மீண்டும் துறவாகிவிடும். அங்ஙனம் பிறழ்ந்ததா என்பதை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மாணவர்களே, நீவிர் எழுதுவனவற்றை ஒருங்குறியில் எழுதுமின். திருத்துந்தோறும் நாளையும் காரணத்தையும் பதிந்து வைமின். படிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வைமின். அவற்றினும் மேலாக, ஒருவரிடம் சொல்ல வேண்டிய சொல்லை வட்டில் அடைத்து வையாது, அவர் கேட்குங்காலத்தே சொல்லுமின். யாமும் எம் ஆசிரியரை ஒருமுறையேனும் கண்டு, ‘ஐயா, அதனை யான் பொறுத்துவிட்டேன்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லாத பிழை எம்முடையதும் ஆம். எஞ்சிய நாளில் இவ்வறிவைப் பேணி நடக்க ஆண்டவர் அருள்புரிவாராக.