கிளி வளர்க்க ஆசையா பாஸ்?

கிளின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? மீனாட்சியம்மன் கை, கிளி ஜோசியம், 'அக்கா... அக்கா'ங்கற குரல்... அதானே? எனக்கு ஞாபகம் வர்றது, தோலுக்கு மேல கத்தி முனை மாதிரி துருத்திட்டு நின்ன ஒரு நெஞ்செலும்பு!

எங்க பீளமேடு தெருவுல ஒரு குடும்பம் வீட்டைக் காலி பண்ணினப்போ, மொட்டை மாடியில கூண்டோட ஒரு பச்சைக்கிளியை விட்டுட்டுப் போயிட்டாங்க. துருப்பிடிச்ச கம்பி, காஞ்ச எச்சம், கிண்ணம் நிறைய சூரியகாந்தித் தொலி. "நீங்களே எடுத்துக்கங்க கண்ணு, பாவம்"னு கூண்டைக் கையில குடுத்துட்டாங்க ஹவுஸ் ஓனர் அக்கா. நமக்குத் தெரிஞ்சது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். கிளிக்கு ஏது மேனுவல்? நேரா கால்நடை டாக்டர்கிட்ட ஓடினேன்.

"கிளி தன்னோட நோயை மறைக்கும் தம்பி. சோர்ந்து உக்காந்தா பருந்து தூக்கிடுமே! அதனால, சிலிர்த்துக்கிட்டு கூண்டுக்கு அடியில உக்காந்துட்டா, நோய் முத்திடுச்சுன்னு அர்த்தம்"னார். நம்ம கிளி அப்படித்தான் உக்காந்திருந்துச்சு.

எடை போட்டா 94 கிராம். வளர்ந்த பச்சைக்கிளி சுமாரா 120 கிராம் இருக்கும். வெறும் விதையைத் தின்னு வளர்ந்த கிளிக்கு கொழுப்பு கிடைக்கும். வைட்டமின் ஏ, கால்சியம் கிடைக்காது. கண்ணு வீங்கறது, மூக்குல ஒழுகறது, வாய்க்குள்ள வெள்ளைப் படலம் எல்லாம் அந்தப் பற்றாக்குறையோட அடையாளம். கேரட், பப்பாளி, முருங்கைக்கீரை குடுக்கலாம். பச்சை மிளகாய்கூட ஓகே, பறவைகளுக்கு அந்தக் காரம் உறைக்காது! ஆனா, ஒரே நாள்ல விதையை நிறுத்திடாதீங்க. புதுசைத் தொடாம பட்டினி கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும். சாக்லேட், வெண்ணெய்ப்பழம், காபி... மூச்! துத்தநாகப் பூச்சு உரியற கூண்டுக் கம்பியைக் கடிச்சா அதுவும் விஷம். அடுப்புல காய்ஞ்சுபோன நான்-ஸ்டிக் கடாயோட புகைகூட பறவையைச் சாய்ச்சுடும்.

இதெல்லாம் கிளியோட பிரச்னை. அடுத்து நம்ம பிரச்னை. எங்க வீட்ல அம்மிச்சிக்கு வீசிங் உண்டு. டாக்டர் முதல்ல கேட்டதே அதைத்தான். கிளமிடியா சிட்டசின்னு ஒரு பாக்டீரியா இருக்கு. காஞ்ச எச்சம் தூசியாப் பறந்து நம்ம நுரையீரலுக்குள்ள போனா காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல், நிமோனியான்னு படுத்தும். 1929-30-ல தென் அமெரிக்கக் கிளிகள் மூலமா இது ஐரோப்பா, அமெரிக்கான்னு பரவி உயிர்களைக் குடிச்சிருக்கு. இன்னிக்கு டாக்ஸிசைக்ளின் மாதிரி மருந்து இருக்கு. ஆனா, 'வீட்ல கிளி இருக்கு டாக்டர்'னு நாம சொன்னாத்தானே அவருக்குத் தோணும்! கூண்டை மாடி ரூம்ல வெச்சேன். எச்சத்தைத் தண்ணி தெளிச்சு நனைச்ச பிறகுதான் துடைச்சேன். மாஸ்க், கைகழுவல் கட்டாயம். அம்மிச்சிக்கு அந்த ரூம்ல நோ என்ட்ரி. "என்னைய விட அந்தக் கிளிக்குத்தான் மருவாதி!"ன்னு அவங்க முணுமுணுத்தது தனிக்கதை.

ஆறே நாள்ல 101 கிராம். என் விசிலுக்குத் தலையைச் சாய்ச்சு பதில் குடுக்க ஆரம்பிச்சுது. 'இனி இது நம்ம கிளிதான்டா'ன்னு மனசு சொல்லுச்சு. சட்டம் வேற சொல்லுது. நம்ம ஊர்ப் பச்சைக்கிளி, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை. 2022-ல திருத்தின பிறகு இரண்டாவது பட்டியல்ல இருக்கு. 2023-ல நடிகர் ரோபோ சங்கர் வீட்டுக் கிளிகளை வனத்துறை எடுத்துட்டுப் போய் 2.5 லட்சம் அபராதம் போட்டுச்சு. 2024 தேர்தல் நேரத்துல கடலூர்ல ஒரு ஜோசியரோட கிளிகளும் பறிமுதலாச்சு. 'நான் காப்பாத்தத்தான் எடுத்தேன்'னு சொன்னாலும், வீட்லயே வெச்சுக்க அது அனுமதி ஆகாது. அதனாலதான் டாக்டர் பார்த்த அன்னிக்கே வனத்துறைக்குச் சொல்லிட்டோம். ஆறாவது நாள் ஒப்படைச்சோம்.

வலிச்சுதான்னா, ஆமா, வலிச்சுது. "வெட்டின றெக்கை உதிர்ந்து புதுசு முளைச்சாத்தான் பறக்கும். பல மாசம் ஆகலாம். அதுக்கு இன்னொரு கிளியோட துணை வேணும், உன் விசில் போதாது"ன்னார் டாக்டர். அதுக்கு மேல என்ன பேச?

மக்களே, கிளி ரொம்ப வருஷம் வாழற ஜீவன். ஆசையா இருந்தா சட்டம் அனுமதிக்கற பட்ஜரிகர், காக்கட்டீல் பத்தி யோசிங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு... டிகிரி முடிச்சு பெங்களூருக்கோ, அமெரிக்காவுக்கோ ஃப்ளைட் ஏறும்போது, அந்தக் கூண்டு யார் வீட்டு மொட்டை மாடியில இருக்கும்னு இப்பவே முடிவு பண்ணிட்டு வாங்குங்க!