பத்து நாளா ஒரே ராத்திரி

வளசரவாக்கத்தில் ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடும் வீடு அது. கீழே மாமியார் வீடு, மாடியில் வில்லியின் அலுவலகம். பக்கத்து அறை தேவைப்பட்டால் ஆஸ்பத்திரி, இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷன்.

கேமராவுக்குக் கீழே சம்மணமிட்ட உதவி இயக்குநர், மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொல்கிறார்: "நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தவ, அத்தை." மறுநொடி அதே வரி நாயகியிடமிருந்து தழுதழுத்து வருகிறது. அவர் அதை முடிப்பதற்குள் அடுத்த வரி காதில் விழுந்துவிடுகிறது. பிராம்ப்டிங். ஒரு காதால் வாங்கிக்கொண்டே முகத்தில் வேறொன்றை நிறுத்த வேண்டும். பின்னால் டப்பிங் உண்டு என்பதால் உதவி இயக்குநரின் குரல் பதிவானாலும் யாரும் கவலைப்படுவதில்லை. கன்னடமோ மலையாளமோ பேசும் நடிகைகள் தமிழ்த் தொடர்களில் நிலைத்ததும் இந்த ஏற்பாட்டால்தான்.

வசனம் முடிந்ததும், "மேடம், மூணு ரியாக்‌ஷன் குடுத்துடுங்க" என்றார் இயக்குநர். எதிரே மாமியார் இல்லை. அவர் சாப்பிடப் போய்விட்டார். லைட் ஸ்டாண்டைப் பார்த்து அதிர்ச்சி, அப்புறம் கோபம், அப்புறம் அழுகையை விழுங்குவது. ஒவ்வொன்றையும் கட் சொல்லும்வரை தாங்கி நிற்க வேண்டும். எந்த முகம் எந்த வசனத்துக்குப் பின் ஒட்டப்படும் என்பது எடிட்டருக்கே வெளிச்சம். மிகை நடிப்பு என்று நாம் சிரிப்பதில் பாதி, அங்கே மூன்று முறை ஜூம் போட்டு இடி முழக்கம் சேர்ப்பதால் வருவது. மீதிப் பாதிக்கும் நியாயம் இருக்கிறது: அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கும் புரிய வேண்டுமே.

இடைவேளையில் நாயகி தன் புடவைத் தலைப்பை எனக்குக் காட்டினார். மாம்பழ மஞ்சள், ஓரத்தில் பவுடர் கறை. "பத்து நாளா ஒரே ராத்திரி சார். கதையில இன்னும் விடியல. கன்டினியூட்டின்னு துவைக்கக்கூட விட மாட்டேங்கறாங்க." கதை விடிந்துவிட்டால் வேறு பிரச்சினை. புடவையும் கவரிங் நகையும் சொந்தச் செலவு. கட்டியதையே சீக்கிரம் திரும்பக் கட்டினால் பார்க்கிற பெண்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். சம்பளமோ நாள் கணக்கு. தன் ட்ராக், அதாவது தன் கதைப் பகுதி, ஓடும் நாட்களுக்குத்தான் பணம். வியாழக்கிழமை வரும் டி.ஆர்.பி. இறங்கினால் வேறொருத்தியின் ட்ராக் ஏறிவிடும்.

எல்லா நாயகிகளுக்கும் இந்த நிலை இருந்ததில்லை. 1999இல் சன் டி.வி.யில் 'சித்தி' தொடங்கியபோது ராதிகா ஏற்கெனவே பெரிய சினிமா நட்சத்திரம். தயாரித்ததும் அவருடைய ராடான் நிறுவனமே. 2003இல் 'கோலங்கள்' அபியாக வந்த தேவயானி, 1,500 எபிசோடுகளைத் தாண்டிக் கடைசிவரை அபியாகவே இருந்தார். அவர்கள் இல்லாமல் அந்தத் தொடர்களை நினைக்க முடியாது. இப்போதைய நாயகிகளுக்கு அந்த அதிகாரம் கிடையாது. 2020இல் கொரோனாவால் படப்பிடிப்பு நின்று மறுபடி தொடங்கியபோது, வெளிமாநிலத்திலிருந்து வர முடியாத சிலரின் இடத்தில் புதுமுகங்கள் நின்றன. திரையில் ஒரு வரி போதும்: இவருக்குப் பதில் இவர்.

இந்த நாயகியும் அப்படி வந்தவர்தான். வந்த புதிதில் பழைய எபிசோடுகளைப் போட்டுப் பார்த்திருக்கிறார். முன்னவருக்குக் கோபம் வந்தால் தாலியை இறுகப் பிடித்தபடி திரும்பும் வழக்கம். "உங்க ஸ்டைல்லயே பண்ணுங்கன்னாங்க. ஆனா அதை மட்டும் வெச்சுக்கிட்டேன். அதை விட்டா கேரக்டரே போயிடும்."

வடபழனி கோயிலில் ஒரு அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடி இருந்த பொண்ணு என்னம்மா ஆச்சு, கல்யாணமா?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?"

"ஆமான்னுட்டேன். நல்ல இடம்னும் சொன்னேன்" என்று சிரித்தவர், டச்சப் பையனைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டினார்.